நாலு மணிக்கு வரும் வண்டி

"இழு. இழுத்துட்டுச் சொல்லு. கனமா வருதா, லேசா வருதா?"

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ராய்ஸின் குரல் வந்தது. கிளெண்டா, அவர்கள் குடியிருந்த டிரெய்லர் வண்டியின் பக்கத்தில் ஈரப்புல்லில் மண்டியிட்டு, கழிவுத் தொட்டியைத் திறக்கும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். எந்தத் தடையும் இல்லாமல் அது ஒரு சாண் வெளியே வந்தது. குழாயில் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

"நூல் அறுந்த பட்டம் மாதிரி வருது."

"நேத்து?"

"நேத்து அசையவே இல்ல. இன்னிக்குக் காலையில ரெண்டு காலையும் ஊனி இழுத்தேன். டக்குனு ஒரு சத்தம். அதுலேர்ந்து இப்படித்தான்."

மூச்சு வாங்குகிறான் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வாக்கியம் பேசினால், அடுத்ததற்கு அவன் காத்திருக்க வேண்டியிருந்தது.

"அப்ப நேத்து வந்த வியாதி வேற, இன்னிக்கு வேற. நேத்து உள்ள இருக்கற தகடு காஞ்சுபோய் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அதுக்குத்தான் வெந்நீரும் சோப்பும் ஊத்தச் சொன்னேன். இன்னிக்கு நீ மாடு மாதிரி இழுத்ததுல, கைப்பிடியிலேர்ந்து தகட்டுக்குப் போற கேபிள் கழண்டுடுச்சு."

"நாப்பத்தி நாலு வருஷமா மாட்டோடதான் குடித்தனம் பண்ணினியா?"

"நல்ல மாடு," என்றான் ராய்ஸ்.

அவள் சிரிக்காமல் இருக்க முயன்று, தோற்று, முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அமெரிக்காவின் கேன்சஸில் முப்பத்தெட்டு வருடம் தொலைபேசிக் கம்பம் ஏறியவன் ராய்ஸ். பனிப்புயலில் எல்லோரும் வீட்டுக்குள் ஓடும்போது இவன் மட்டும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புவான். ஓய்வு பெற்றதும் விச்சிட்டாவில் ஒருவரிடம் இந்தப் பழைய டிரெய்லரை வாங்கினான். கூரை ஒழுகியதை அடைத்தான், அடுப்பை மாற்றினான், சக்கரத்துக்குக் கிரீஸ் போட்டான். கிளெண்டாவை ஒரு ஸ்பானரைத் தொட விட்டதில்லை. வெயில் காலம் முழுக்க டிரெய்லர்கள் நிறுத்தும் இந்த ஏரிக்கரைப் பார்க்கில்தான் இருப்பார்கள். ஆகஸ்ட்டில் அவனுக்கு முதுகு வலித்தது. கணையத்தில் கட்டி, மிஞ்சிப்போனால் மூன்று மாதம் என்றார்கள். வீட்டுக்கும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கும் வேண்டாம், ஏரி தெரிகிற இந்த ஜன்னலோரமே போதும் என்று படுத்துவிட்டான். இது ஒன்பதாவது வாரம்.

நேற்று கழிவறைக் கிண்ணத்தில் தண்ணீர் மேலேறி வந்தது. தொட்டியை உறிஞ்சி எடுக்கும் லாரிக்காரன் திங்கட்கிழமைதான் வருவேன் என்றான். குளிர் தொடங்கியதால் பார்க்கின் பொதுக் கழிவறைகளைப் பூட்டிவிட்டார்கள். இன்று காலை, டவுனில் கடைசிக்கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்திலிருந்து வந்த நர்ஸ் லொரெட்டா வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள்.

"இந்த நாத்தத்துல ரெண்டு நாள் இவரை வெச்சிருக்க முடியாதும்மா. எங்க இல்லத்துல ஒரு கட்டில் காலியா இருக்கு. நாலு மணிக்கு வண்டி அனுப்பறேன். அதுக்குள்ள சரியாயிட்டா ஒரு போன் பண்ணுங்க, நிறுத்திடறேன்."

கட்டிலோரம் வைத்துக்கொள்ள நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றையும் அவள் கொண்டுவந்திருந்தாள். ராய்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "இதுல உக்காந்து சாகறதுக்கு, அன்னிக்கே கம்பத்துலேர்ந்து விழுந்திருப்பேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். லொரெட்டா அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

பக்கத்து டிரெய்லர் ஹாலிஸ், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, நெற்றியில் கட்டும் விளக்கையும் ஒரு கருவிப் பெட்டியையும் கொண்டுவந்து கொடுத்தார்.

"நானே அடியில போயிருப்பேன், கிளெண்டா. போயிட்டா அப்பறம் என்னை இழுக்க ஒரு டிராக்டர் வேணும்."

"நீங்க போய் உக்காருங்க, ஹாலிஸ். ஒரு நோயாளி போதும் எனக்கு."

மணி ஒன்றரை. அவள் மல்லாந்து படுத்து, தோளால் தேய்த்துத் தேய்த்து வண்டிக்கு அடியில் போனாள்.

"மேல கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் தெரியுதா?" ஜன்னல் குரல் இப்போது தரை வழியாகக் கேட்டது. "கக்கூஸுக்கு நேர் கீழ வா. அதை அறுக்கணும்."

"ஏற்கெனவே யாரோ அறுத்து டேப் ஒட்டியிருக்காங்க."

"விச்சிட்டாக்காரன்! எந்தக் கோளாறும் இல்லேன்னு பைபிள் மேல சத்தியம் பண்ணினான், கேட்டியா?"

டேப்பை உரித்ததும் பஞ்சும், எலி சேர்த்துவைத்த வால்நட் ஓடுகளும் முகத்தில் கொட்டின. துப்பிவிட்டு விளக்கைத் திருப்பினாள். தொட்டியின் அடி, ஒரு பசுவின் வயிறு போலக் கறுத்துத் தொங்கியது. அதிலிருந்து இறங்கும் தடித்த குழாயில் வால்வு. அதன் தண்டு நுனியில் ஒரு சின்னத் திருகாணி. கேபிள் அதைவிட்டு நழுவி ஒரு விரற்கடை தள்ளி நின்றது. தண்டைக் குறடால் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தாள். மயிரளவு நகர்ந்தது. உள்ளே ஏதோ களக் என்றது. உடனே பழையபடி தள்ளிவிட்டாள்.

சோப்பு வேலை செய்திருந்தது. இனி கேபிளைத் துளையில் நுழைத்துத் திருகாணியை முடுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

அவள் முடுக்கவில்லை.

டவுன் இல்லத்தை அவள் ஒருமுறை போய்ப் பார்த்திருந்தாள். ஆளுக்கு எட்டு மணி நேரமாக நர்சுகள். சூடான காபி. கட்டில் தலைமாட்டில் ஒரு பொத்தான், அழுத்தினால் யாராவது வருவார்கள். கடைசி மூச்சு எப்படி இருக்கும் என்று லொரெட்டா ஒரு காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தாள். தொண்டையில் கரகரப்பு, விட்டுவிட்டு வரும் சுவாசம், நீலம் பாரிக்கும் நகம். கிளெண்டா அதை ஒரு தடவை படித்துவிட்டு மாவு டப்பாவுக்குக் கீழே வைத்துவிட்டாள். மகன் அலாஸ்காவிலிருந்து செவ்வாய்க்கிழமைதான் வருகிறான். அதுவரை இந்தத் தகரப் பெட்டிக்குள் அவளும் ராய்ஸும் மட்டும்.

முடியல ராய்ஸ், உடைஞ்சுபோச்சு. அவ்வளவு சொன்னால் போதும். நாலு மணிக்கு வண்டி வந்துவிடும்.

"கிடைச்சுதா?" என்றான்.

விளக்கு வெளிச்சத்தில் ஒரு சிலந்தி கேபிள் வழியே நிதானமாக நடந்து போனது.

"கிளெண்டா."

"ம்."

"கண்டுபிடிச்சுட்ட."

அவள் குறடை மார்பின் மேல் வைத்தாள்.

"உன் சத்தம் நின்னா எனக்குத் தெரியும்," என்றான். வெகுநேரம் மூச்சு வாங்கினான். "பயமா இருந்தா சொல்லு. நான் போறேன் டவுனுக்கு. கோச்சுக்க மாட்டேன். ஆனா வால்வு மேல பழியப் போடாத. அது பாவம்."

கண்ணீர் இரு பக்கமும் காதுக்குள் ஓடியது. துடைக்கக் கை சுத்தமாக இல்லை.

"உனக்குப் பயமில்லையா?" என்று வண்டியின் அடிவயிற்றைப் பார்த்துக் கேட்டாள்.

"இருக்கு. கம்பம் ஏறறப்பக்கூட எனக்கு எப்பவும் பயம்தான்."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"சொன்னா நீ போக விட்டிருப்பியா?"

ஏரியில் யாரோ படகு மோட்டாரைக் கிளப்பினார்கள். அது கிளம்பாமல் இருமி இருமி, பிறகு பிடித்துக்கொண்டு தூரத்துக்குப் போயிற்று. அந்தச் சத்தம் முழுக்கத் தேயும்வரை கிளெண்டா அசையாமல் கிடந்தாள்.

"எந்தப் பக்கம் முடுக்கணும்?" என்றாள்.

"வலப்பக்கம். முதல்ல வெளிக்குழாய் கழிவுத் துளையில நல்லா மாட்டியிருக்கான்னு பாத்தியா? இல்லேன்னா ஹாலிஸ் வாசல்லதான் எல்லாம் போய் நிக்கும்."

"பாத்துட்டேன். காலைலயே பாத்துட்டேன்."

கேபிளை நுழைத்துத் திருகாணியை முடுக்கிவிட்டு வெளியே வந்து கைப்பிடியை இழுத்தாள். இந்த முறை கனத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். தொட்டிக்குள் ஒரு பெருமூச்சு, பின் குழாய் பாம்பு போலத் துள்ளி உதற, மூன்று வாரக் கழிவு மொத்தமும் மடமடவென்று இறங்கியது. சாய்வு நாற்காலியிலிருந்து ஹாலிஸ் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். உள்ளே ராய்ஸ் சிரிக்க முயன்று இருமினான்.

மணி இரண்டே கால். அவள் முழங்கை வரை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு லொரெட்டாவுக்குப் போன் செய்தாள்.

"வண்டி வேண்டாம்."

"நிச்சயமாவாம்மா? தனியா இருப்பீங்களே."

"இருக்கேன்," என்றாள் கிளெண்டா.

எழுந்திருக்க வேண்டும் என்றான் ராய்ஸ். கட்டிலிலிருந்து கழிவறைக்கு நாலே எட்டு. அவனுடைய இரு கைகளையும் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, நடனமாடுகிறவர்களைப் போல அவள் பின்பக்கமாகவே நடந்தாள். கிட்டத்தட்ட எடையே இல்லை. கதவைச் சாத்தச் சொன்னான். சாத்தினாள். கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் சுழன்று இறங்கும் சத்தம் கேட்டது.

"ராஜா மாதிரி இருக்கு," என்றான் உள்ளேயிருந்து.

திரும்பப் படுக்கவைத்தபோது உதடுகள் வெளுத்திருந்தன. குளிர்ந்த டீயைப் பஞ்சில் நனைத்து நாக்கில் வைத்தாள். எலுமிச்சை போதாது என்றான். அதற்குப் பிறகு பேசவில்லை. நாலு மணி ஆயிற்று, நாலரை ஆயிற்று. காகிதத்தில் இருந்தபடியேதான் எல்லாம் வந்தது, ஆனால் காகிதத்தில் இருந்த அளவுக்குப் பயமாக இல்லை. அவள் அவனுக்குப் பக்கத்தில், சுவரோரம் இருந்த குறுகலான இடத்தில் ஒருக்களித்துப் படுத்து, அவன் மார்பில் கையை வைத்துக்கொண்டாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே எண்ண ஆரம்பித்தாள். பதினாலு. இருபத்தொன்று. ஏரிமேல் வெயில் மஞ்சளாகி, சிவந்து, ஜன்னல் கம்பியைத் தாண்டி அவன் தாடையில் விழுந்தபோது, அவள் நாற்பதைத் தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தாள். அறுபதில் நிறுத்தினாள்.

லொரெட்டா வந்து இறப்புத் தாளில் கையெழுத்துப் போட்டாள். சவ அடக்க நிறுவனத்திலிருந்து கோட்டு அணிந்த இரண்டு பேர் வந்தார்கள். டிரெய்லரின் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவிலிருந்த திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, இருவரில் பெரியவர் சங்கடத்தோடு, "போர்வையோட தூக்கிக்கலாங்களா அம்மா?" என்று கேட்டார்.

"தூக்குங்க. கனம் இருக்காது."

ஹாலிஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்களுடைய கார் சரளைக்கல் பாதையில் மெதுவாகப் போய், வளைவில் திரும்பி மறைந்தது.

"பீன்ஸ் சூப் வெச்சிருக்கேன். கொண்டு வரட்டுமா?" என்றார் ஹாலிஸ்.

"நாளைக்கு."

"நான் இங்கதான் இருக்கேன்."

"தெரியும், ஹாலிஸ்."

அவள் படியேறி உள்ளே போனாள். மூலை பெஞ்சில் உட்கார்ந்ததும் வண்டி, யார் உட்கார்ந்தாலும் ஆடுவதுபோல, ஒருமுறை ஆடியது. மேசைமேல் இருந்த தம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. மெல்ல மெல்ல அடங்கியது. வட்டங்கள் எல்லாம் நின்று, தண்ணீர் கண்ணாடி போலத் தட்டையாகி, வெகுநேரம் அப்படியே இருந்தது.