பங்குனிச் சருகு

விடிவதற்கு முன்பே திரௌபதி முந்திரிக் காட்டில் சருகு கூட்டத் தொடங்கிவிட்டாள். விருத்தாசலத்தில் அவள் வேலை பார்த்த பீங்கான் பொம்மைக் கம்பெனியில், இந்த வெக்கைக்கு ஈரப் பொம்மைகள் காயும்போதே வெடித்துப் போகின்றன என்று பத்து நாளாக ஆள் எடுக்கவில்லை. வயிறு சும்மா இருக்குமா? தங்கை துர்காதேவியையும் இழுத்துக்கொண்டு இங்கே வந்திருந்தாள்.

கொட்டை விழுவதற்கு முன் மரத்தடியைக் கூட்டி, சருகைக் குவித்து, விடியற்காலைப் பனி ஈரத்தில் கொளுத்துவது வழக்கம். ஈரம் இருந்தால் நெருப்பு குவியலை விட்டு நகராது. இந்தப் பங்குனியில் பனி என்ற பேச்சே இல்லை. கார்த்திகைப் புயல் முறித்துப் போட்ட கிளைகளை முதலாளி ராஜவேல் அகற்றவும் இல்லை. அவை மொடமொடவென்று காய்ந்து கிடந்தன.

"பாண்டியண்ணே, தரை இப்பவே சுடுது. இன்னிக்கு வேணாண்ணே," என்றாள் மேஸ்திரியிடம்.

"மொதலாளி வர்றதுக்குள்ள முடிச்சாவணும். கொளுத்து புள்ள."

கொளுத்தினாள். காற்று ஒரு வீசு வீசியது. நெருப்பு புயல் கிளைகளுக்குத் தாவி மரத்துக்கு மரம் ஏறியது. துர்கா பச்சைக் கொம்பை ஒடித்து அடித்துக்கொண்டே உள்ளே ஓடினாள். தீயணைப்பு வண்டி வருவதற்குள் நாலு ஏக்கர் கரியாகிவிட்டது. துர்காவின் இரண்டு பாதமும் வெந்து தோல் உரிந்திருந்தது.

நெருப்பு அணைந்த கையோடு, எரிந்த மரங்களுக்கு நிவாரணம் எழுத வி.ஏ.ஓ. வந்தார். "யாரும் கொளுத்தலீங்களே? கொளுத்தியிருந்தா பணம் வராது."

"யாரு சார் கொளுத்துவா? அடிக்கிற வெயிலுக்குத் தானா பத்திக்கிச்சு," என்றார் ராஜவேல்.

திரௌபதிக்கு அப்பாடா என்றிருந்தது. வி.ஏ.ஓ. வண்டி கிளம்பியதும் ராஜவேல் அவள் பக்கம் திரும்பினார்.

"ஆஸ்பத்திரில, வூட்டுல கஞ்சி கொட்டிக்கிச்சுன்னு சொல்லு. காட்டுல சுட்டுதுன்னா போலீசு வரும். நெருப்பு வெச்சது யாருன்னு கேட்டா பாண்டியன் ஒன் பேரத்தான் சொல்லுவான்."

பாண்டியன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரௌபதி துர்காவை முதுகில் சுமந்துகொண்டு ரோட்டைப் பார்க்க நடந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார். "எப்படிம்மா ஆச்சு?"

"வூட்டுல கஞ்சி கொட்டிக்கிச்சுங்க," என்றாள் திரௌபதி. துர்கா பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

நர்ஸ் சீட்டில் அப்படியே எழுதினார். பிறகு பாதத்தைத் தூக்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். விரல் இடுக்கிலிருந்து கறுப்பாகச் சாம்பல் வழிந்தது. கருகிய சருகுத் துணுக்குகள் வெள்ளைத் தட்டில் மிதந்தன. நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"கஞ்சிதாங்க," என்றாள் திரௌபதி.