அரக்குச் சிவப்பு

"சொல்லு," என்றான் டேவிட்சன். தூரிகையின் நுனி எல்சியின் மூக்குக்கு நேரே வந்து நின்றது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"செங்கல் மாதிரி இருக்கு. கறுப்பு பத்தல."

மருந்துக் குப்பியின் மூடியில் ஒரு துளி கறுப்பு விட்டுக் குழைத்தான். "இப்ப?"

"இப்ப காஞ்ச ரத்தம் மாதிரி."

"மாதிரியெல்லாம் உன்னை யாருடி கேட்டா? சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லு."

மேசைமேல் விரித்த செய்தித்தாளில் ஒரு சாண் நீளத்துக்கு டீசல் இன்ஜின் ஒன்று நிறமில்லாமல் நின்றது. சவுதியில் வேலை பார்க்கும் அவன் அண்ணன் சகாயநாதன் போன லீவில் கொண்டுவந்தது. வந்தபோது அது ஏதோ அமெரிக்கக் கம்பெனியின் நீல இன்ஜின். டேவிட்சன் அதைப் பிளேடால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, மயிலாடுதுறை பாசஞ்சரில் தான் கடைசியாக ஏறிய மீட்டர்கேஜ் இன்ஜினாக மாற்றிக்கொண்டிருந்தான். பக்கவாட்டுச் சல்லடைக்கு டீ வடிகட்டியின் வலை. முன்னால் மாடு தள்ளும் தகட்டுக்குப் பவுடர் டப்பாத் தகரம். கண்ணாடிகளுக்கு அவனுடைய பழைய எக்ஸ்ரே. பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்துத் தேய்த்ததும் அவன் நெஞ்சுக்கூடு கரைந்துபோய்த் தெளிந்த தாள் மிஞ்சியது.

அந்த எக்ஸ்ரே எடுத்த வருஷம்தான் எல்லாம் கெட்டது. அப்போது ரயிலில் டிரைவருக்கு அடுத்தபடியான டீசல் அசிஸ்டென்டாக இருந்தான். டிபி என்றார்கள். மாத்திரையில் நெஞ்சு தழும்பில்லாமல் தேறியது, கண் போயிற்று. முழுதும் போகவில்லை. பொடி எழுத்து படிப்பான், ஊசியில் நூல் கோப்பான். சிவப்பும் பச்சையும் மட்டும் அவனுக்கு ஒரே சேற்று நிறமாயின. கண் பரிசோதனையில் தவறியவனை இன்ஜினிலிருந்து இறக்கிப் பார்சல் ஆபீசில் உட்காரவைத்தார்கள். வெற்றிலைக் கட்டுக்கும் மீன் கூடைக்கும் லேபிள் ஒட்டினான். கேட்டவர்களிடம் வயிற்றுக் கோளாறு என்றான். அண்ணனிடமும் அதையேதான் சொல்லியிருந்தான். வீட்டில் நிஜம் தெரிந்தவள் எல்சி ஒருத்தி. அது அவளுக்குள் ஒரு தாலியைப் போலக் கிடந்தது. கழற்றவும் முடியாது, பிறருக்குக் காட்டிக்கொண்டு திரியவும் முடியாது.

நிறம் அவளுக்குப் பிழைப்பாக இருந்தது. கல்யாணத்துக்கு முன் கீழவாசலில் ஒரு துணிக்கடையில் மேட்சிங் பிளவுஸ் பிரிவில் நின்றாள். புடவையை ஒருமுறை விரித்துக் காட்டினால் போதும். மடிப்பு மடிப்பாக அடுக்கிய நூற்றுக்கணக்கான துணிகளிலிருந்து ஒன்றை உருவி எடுத்து மேலே போடுவாள். வாங்க வந்தவர்கள் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சிரிப்பார்கள். டிரைவர் ஆகப்போகிறவன் பெண்டாட்டி கடையில் நிற்பதா என்று டேவிட்சன் அதை நிறுத்தினான். இப்போது அதே கண் ராத்திரிச் சமையலுக்கு முன்னால் ஒரு மணி நேரம் அவனுக்கு வேலை செய்தது.

"சரி," என்றாள் நான்காம் முறை. "இதுதான் அரக்கு."

தப்பாகச் சொல்லியிருக்கலாம் என்று அடுப்பைப் பற்றவைக்கும்போது நினைத்துக்கொண்டாள். ஏன் சொல்லவில்லை? அவன்மேல் இரக்கம் என்று நினைத்துப் பார்த்தாள், பொருந்தவில்லை. பயம், அதுவும் இல்லை. பொருந்தாத நிறத்தைப் பொருந்துகிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். தன்னிடம் மிச்சமிருந்த கர்வம் இவ்வளவு சிறியது என்பதும் அது அவனுக்கே உதவுகிறது என்பதும் அவளை எரித்தன.

அதற்கு முந்தின வாரம்தான் ஜெபமாலை போயிருந்தது. அவள் அம்மா சாகும்போது விரலில் சுற்றியிருந்தது அது. மணிக்கும் மணிக்கும் நடுவே ஒரு பக்கம் வளையம் போட்ட வெள்ளிக் கம்பித் துண்டுகள். இன்ஜின் ஓரமாக ஓடும் கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் குச்சிகளுக்கு அவை அளவெடுத்ததுபோல் இருந்தன. பீரோவைத் திறந்து எடுத்திருக்கிறான். அவள் பூசைக்குப் போய்விட்டு வந்தபோது மணிகள் ஒரு ஹார்லிக்ஸ் மூடியில் குவிந்திருந்தன.

"ஏங்க, இது எங்கம்மாவோடதுங்க."

"தெரியும். மணியெல்லாம் பத்திரமா இருக்குல்ல? எண்ணிப் பாத்துக்க. கம்பியத்தானே எடுத்தேன்."

அவள் எண்ணவில்லை. மூடியோடு அரிசிப் பானைக்குள் வைத்தாள். அன்றிரவு சாதத்தில் கல் கிடந்தது என்று அவன் கத்தினான்.

இத்தனை அவசரமும் ஜெக்கரியா பாய்க்காகத்தான். அதிராம்பட்டினத்துக்காரர், வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிறவர். சவுதியில் ஒரு சிமென்ட் ஆலைக்குள் வேகன் இழுக்கும் டீசல் இன்ஜினுக்கு டிரைவர் வேண்டும் என்று சகாயநாதன் அவரிடம் தம்பியைப் பற்றிச் சொல்லியிருந்தான். மெட்ராஸில் நடக்கும் மெடிக்கலில் ரத்தமும் எக்ஸ்ரேயும்தான், கண்ணெல்லாம் யாரும் பார்ப்பதில்லை என்று டேவிட்சன் விசாரித்து வைத்திருந்தான். பாய்க்குத் திருப்தியானால் போதும். வேலை தெரிந்த கை என்பதற்கு இந்த இன்ஜினைவிடச் சாட்சி எது? மறுபடி ஒரு இன்ஜினின் வேகப் பிடியை, அந்தத் திராட்டிலைப் பிடிப்பதை நினைத்து அவன் தூக்கத்தில் கை மடக்குவதை எல்சி பார்த்திருக்கிறாள்.

"நான் போனதும் இந்த வீட்டைக் காலி பண்ணிரு," என்றான் எஸ்டிடி பூத்திலிருந்து அண்ணனிடம் பேசிவிட்டு வந்த அன்று. "திருக்காட்டுப்பள்ளிக்குப் போயி அக்காகூட இரு. நாத்து பறிக்க ஆள் கெடைக்கலன்னு அது பொலம்பிக்கிட்டுக் கெடக்கு."

"எனக்கு வயல்ல எறங்கியே பழக்கமில்லீங்களே."

"கடையில நிக்க மட்டும் பழக்கமோ?"

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பாய் வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, வியர்வை துடைக்க ஒரு பெரிய கைக்குட்டை. இன்ஜினைக் கையில் எடுக்கும் முன் அந்தக் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டார். அதற்காகவே எல்சிக்கு அவரைப் பிடித்துப்போனது.

"அல்லாவே, என்னா தம்பி இது! உள்ள மனுசன் உக்காந்திருக்கான்போல இருக்கே."

"சீட்டு இருக்கு பாய். பிரேக் இருக்கு. மேல பாருங்க, பொகை வர்ற எடத்துல கரி படிஞ்சிருக்கா? ஸ்டவ் திரியைக் கொளுத்திப் பிடிச்சேன்."

"நெசமா ஓடுன வண்டி மாதிரி அழுக்காக்கி வச்சிருக்கீங்க. எங்க வீட்டுல இதைப் பாத்தா தொடச்சி வச்சிருவாங்க."

டேவிட்சன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து வருஷங்களாயிற்று. கைப்பிடிக் கம்பியை நகத்தால் மெல்ல மீட்டிக் காட்டினான். "பாருங்க, ஆடாது. வெள்ளிக் குச்சி."

"தங்கச்சியும் ஒத்தாசை பண்ணுச்சாக்கும்?"

"இவளா? இவளுக்கு இன்ஜினுக்கும் இட்லிக் கொப்பரைக்கும் வித்தியாசம் தெரியாது பாய். ரெண்டுலயும் ஆவி வருமாம்."

"டீசல்ல ஆவி ஏதுப்பா," என்று பாய் அவளைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். "கலரு யாரு அடிச்சது? பிசிறே இல்லையே."

"நான்தான். கலரைத் தொட இவளை விடவே மாட்டேன்."

எல்சி டீத் தம்ளரை அவர் முன்னால் வைத்தாள். தட்டில் இரண்டு பிஸ்கட்டுகளை நேராக்கினாள். சொல்லப்போவது அவளுக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை. ஆனால் வந்தபோது கவுண்டரில் துணி போடும் அதே இதமான குரலில் வந்தது.

"ஆமா பாய். இந்தப் பச்சைக்குத்தான் ரொம்ப மெனக்கெட்டாங்க."

பாயின் கை தம்ளரில் நின்றது. அவர் இன்ஜினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு டேவிட்சனைப் பார்த்தார். "பச்சையா?" என்றார். அந்தக் கேள்வியில் எந்தச் சாய்வும் இல்லை.

டேவிட்சன் அவள் முகத்தைத் தேடினான். அங்கே அவனுக்கு எதையும் தர அவள் விரும்பவில்லை. நிறம் குழைத்த சாயங்காலங்களை அவன் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது: எந்த மூடி, எந்தத் துளி, எந்த 'சரி'. கடைசியில், தான் பிய்த்த ஜெபமாலையிடம் வந்து நின்றிருப்பான். "இல்லை, அரக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்திருப்பான். சொல்ல அவனிடம் கண் இல்லை, அவளுடையது மட்டுமே இருந்தது. இன்ஜினைத் தூக்கி ஜன்னல் பக்கம் சாய்த்தான்.

"வெளிச்சத்தைப் பொறுத்தது பாய். நெழல்ல ஒரு மாதிரி தெரியும். வெயில்ல பச்சை அடிக்கும்."

தெருவில் யாரோ குடத்தை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. பாய் டீயை அவசரப்படாமல் குடித்து முடித்தார்.

"அங்க யார்டுல சிக்னலு உண்டு, தம்பி."

"தெரியும் பாய்."

"ஆளுங்க குறுக்க நடப்பாங்க. பாதிப்பேரு நம்ம ஊருப் புள்ளைங்க." எழுந்து செருப்பை மாட்டினார். டேவிட்சனின் தோளில் கை வைத்தார். "சகாயத்துக்கிட்ட நானே பேசிக்கிறேன். நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீங்க."

அந்தப் பிள்ளைகளை எல்சி அப்போதுதான் நினைத்துக்கொண்டாள். சிமென்ட் தூசியில் தண்டவாளம் தாண்டுகிற முகம் தெரியாத பையன்கள். அவர்களுக்காகச் சொன்னேன் என்று இனி காலம் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் அதற்கு வசதியான சாக்காக இருந்தார்கள். ஆனால் சொன்ன நொடியில் நாக்கில் ஊறியது என்ன என்று அவளுக்குத் தெரியும். அதில் எந்தப் பிள்ளையும் இல்லை. இன்னும் அது அடங்கவில்லை, தம்ளரை எடுக்கும்போது விரல்கள் கதகதப்பாக இருந்தன.

"என்ன கலரு எல்சி?" என்றான் டேவிட்சன், பாய் போனதும். அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அரக்குங்க. நீங்க கேட்ட அரக்கு."

"அப்ப அந்தாளு ஏன் அப்படிப் பாத்தான்?"

"அரக்கா இருந்ததாலதான்."

அவன் அவளையே பார்த்தான். கோபத்தைவிட ஏதோ கணக்குப் போடும் பார்வை அது. "பொய்," என்றான். "இப்பவும் பொய் சொல்ற."

"சத்தியமா."

"ஒன் சத்தியத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

இன்ஜினை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, நிறம் கேட்க வேறு யாராவது கிடைப்பார்களா என்று வெளியே போனான். மதிய வெயிலில் தெரு வெறிச்சோடியிருந்தது. குடம் வைத்திருந்தவளும் போய்விட்டிருந்தாள். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வாசல் கேட்டுக்கு வெளியே, செருப்பில்லாத கால்களை மாற்றி மாற்றி வைத்தபடி நின்றான். அங்கிருந்து பார்க்கையில் அந்த நிறம் இன்னும் ஆழமாக, அவ்வளவு சரியாக இருப்பதை எல்சி கதவோரத்திலிருந்து பார்த்தாள். தெருக்கோடியில் ஒரு சைக்கிள் திரும்பியது. யாரென்று தெரியவில்லை. டேவிட்சன் தெரு நடுவுக்கு இறங்கி இன்ஜினை உயரத் தூக்கிக் காட்டினான்.