மூலை உடைந்த முக்கோணம்

என் தம்பி வெர்லினுக்குப் பழைய துப்பாக்கி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அன்றைக்கு அவனை அதே துப்பாக்கியால் ஒரு போடு போடலாமா என்று இருந்தது எனக்கு.

அம்மா படுத்த படுக்கையாகி, கண்ணும் போய், பட்டாணி சூப்புகூட இறங்காமல் கிடந்தாள். வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் கையை விரித்துவிட்டாள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என் சுத்தியக் கொண்டா, ஆர்லிஸ்."

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அம்மாவுக்கு கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்து ஆலை ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை. படைக்குப் போகும் சின்ன ரைஃபிளில், விசையை இழுத்தால் விழுந்து அடிக்கும் விரலளவு இரும்புச் சுத்தி அவள் மேசைக்கு வரும். தேறியவற்றில் தன் முத்திரையான முக்கோணத்தைக் குத்துவாள். ஒருமுறை அச்சு கீழே விழுந்து மூலை உடைந்தது. அதன்பின் அவளுடைய முக்கோணத்துக்கு இரண்டு மூலைதான்.

அவளுடைய அண்ணன் கெரிட் ஜெர்மனியில் செத்துப்போனார். உடன் இருந்தவன் திரும்பி வந்து, கெரிட் விசையை இழுத்தும் ரைஃபிளின் சுத்தி விழவே இல்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். அது தன் முத்திரை குத்திய சுத்தியோ என்ற பயம் அன்றிலிருந்து அம்மாவை விடவில்லை. அப்பா எங்கெங்கோ அலைந்து, உடைந்த முக்கோணம் குத்திய சுத்தி ஒன்றைக் கண்டுபிடித்து, வேறு கம்பெனி ரைஃபிளில் மாட்டிவைத்தார். அம்மா பயப்படும்போதெல்லாம் குண்டு போடாமல் விசையை இழுத்துக் காட்டுவார். 'டிக்' என்று கேட்டதும், தன் சுத்தி சரியாகத்தான் விழுகிறது என்று அவள் முகம் தெளியும். அப்பா போனபின் அந்த வேலை எனக்கு வந்தது. காரணத்தை அம்மா என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

ரைஃபிளை எடுத்துப் பிரித்தேன். உள்ளே வேறொரு சுத்தி இருந்தது.

"பழசு எங்கடா?"

"திருத்திட்டேன்க்கா," என்றான் வெர்லின் பெருமையாக. "ரைஃபிள் ஒரு கம்பெனி, சுத்தி இன்னொரு கம்பெனி. பாக்கறவன் சிரிப்பான். எல்லா பார்ட்லயும் ஒரே கம்பெனி எழுத்து வர்ற மாதிரி தேடித்தேடி மாத்தியிருக்கேன்."

சேகரிப்பவர்களின் பைத்தியம் இது. ஆலையை விட்டு வந்த நாளில் இருந்ததுபோல ஆக்குகிறேன் பேர்வழி என்று, நடுவில் அந்தத் துப்பாக்கி வாழ்ந்த வாழ்வையே கழற்றி எறிந்துவிடுவார்கள்.

"அதுல முக்கோணம் இருந்துச்சே, பாக்கலயா?"

"அடிபட்ட தழும்புன்னு நெனச்சேன். உதிரிப் பெட்டியோட நேத்து கண்காட்சில கடை போட்டிருந்த ஜெலின்ஸ்கிக்குக் குடுத்துட்டேன்."

விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் வெளிறிப்போனது. துப்பாக்கிக் கண்காட்சி அன்றும் நடந்துகொண்டிருந்தது. காரை விரட்டினோம்.

ஜெலின்ஸ்கி என்னைப் பார்த்ததும், "என்னம்மா ஹோக்ஸ்ட்ரா வீட்டுப் பொண்ணு, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா சர்ச்சுக்குப் போற வழிய மறந்துட்டியா?" என்றார். நான் அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உதிரிச் சுத்திகள் கிடந்த தட்டை அப்படியே மேசையில் கவிழ்த்து, பூதக்கண்ணாடியை என் கையில் திணித்தார்.

எண்ணெய்ப் பிசுக்கோடு ஒவ்வொன்றாகப் புரட்டினோம். வட்டம், கட்டம், யாருக்கும் விளங்காத எழுத்துகள். எந்தெந்தப் பெண்கள் எந்த மேசையிலிருந்து குத்தியவையோ. எங்கள் அம்மாவுடையது மட்டும் இல்லை.

"காலைல பக்கத்து மாநிலம் இண்டியானாவுலேர்ந்து வந்த ஒருத்தன் கை நெறய அள்ளிட்டுப் போனாம்மா," என்றார் ஜெலின்ஸ்கி. "பேர்கூடக் கேக்கல."

வாகன நிறுத்தம் முழுக்க ஓடி, இண்டியானா நம்பர் பலகையைத் தேடினேன். ஒன்றும் இல்லை. மூச்சு வாங்கத் திரும்பியபோது ஜெலின்ஸ்கி ஒரு சுத்தியை நீட்டினார்.

"இந்த எழுத்து உங்கம்மா வேல பாத்த ஆலையோடது. சோதிச்சவங்க முத்திரைதான் வேற. நட்சத்திரம்."

"அம்மாவுக்குத்தான் கண்ணு தெரியாதேக்கா," என்றான் வெர்லின்.

அவனை அறைந்திருக்க வேண்டும். நான் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் வெர்லின் அதை மாட்டி, கட்டிலருகே விசையை இழுத்தான். 'டிக்.' அம்மாவின் முகம் தெளியவில்லை. கையை நீட்டினாள்.

"கழட்டிக் குடு."

வேறு வழியில்லை, கொடுத்தான். கட்டைவிரல் நகத்தால் இரும்பை வருடினாள். திருப்பினாள், மறுபடி வருடினாள்.

"நட்சத்திரம். இது பக்கத்து மேசை ஓபலோடது. என்னோடது எங்க?"

"தேடிட்டிருக்கோம்மா. கிடைச்சுரும்."

"ஓபலோடது இன்னும் நல்லா விழுது."

"உன்னோடதும் அப்படித்தாம்மா விழும். நீயே எத்தன தடவ கேட்டிருக்க."

"ஓபல் நிதானமாப் பாப்பா. ஒன்னுல சந்தேகம்னா பெஞ்சவிட்டு எழுந்திரிக்க மாட்டா. நான்தான் சட்டுச்சட்டுனு குத்தித் தள்ளுவேன்." விரல்களைச் சுத்தியின் மேல் மூடிக்கொண்டாள். "அப்ப கெரிட்டோடது என்னோடதுதான்."

"இல்லம்மா," என்றேன். அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெர்லின் தரையில் உட்கார்ந்து, சுத்தி இல்லாத ரைஃபிளின் விசையைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தான். சத்தமே வரவில்லை.