இழுக்க இறுகும் முடிச்சு

ஸ்ரீபன் தன் பிள்ளைகள் இரண்டையும் இரண்டு இடுப்பிலும் ஏற்றிக்கொண்டு வாசலில் நின்றான். மனைவி அதற்குள் வேலியைத் தாண்டிவிட்டாள். அளம்பில் பக்கமிருந்து ஆமி ஹெலிகொப்டரின் சத்தம் வந்துகொண்டிருந்தது. கரையோரச் சனம் பனங்காட்டை நோக்கி விழுந்தடித்து ஓடியது.

“அப்புவைத் தூக்குவமே?” என்றான், முடியாதென்று தெரிந்தும். முதல்நாள் சாக்கில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். முற்றம் தாண்டுவதற்குள், சாகக் கிடந்த தகப்பன் செபமாலைக் கிழவருக்குக் கண் செருகி உதடு நீலம் பாரித்துவிட்டது.

“நீங்கள் போங்கோ அண்ணை. நான் நிக்கிறன்,” என்றாள் தங்கை புனிதமலர்.

அவன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடினான். அந்தப் பார்வைக்கு அர்த்தம் கரையில் யாருக்குத்தான் தெரியாது? போன வருஷம் தாய் இழுத்துக்கொண்டு கிடந்தபோதும் புனிதமலர் இதைத்தான் சொன்னாள். ஹெலி வந்து ஒரு தரம் சுட்டது. அடுத்ததாக அவளுக்கு நினைவிருப்பது, பனங்காட்டுக்குள் செருப்பில்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதுதான். திரும்பி வந்தபோது தாய் குளிர்ந்துபோய்க் கிடந்தாள்.

சாகிறவரின் மூச்சு அடங்கும்வரை காதருகே யாராவது இருந்து “சேசு, மரி, சூசை” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கடலோடு போனவர்களைத் தவிர அந்தக் கரையில் எல்லாருக்கும் அது கிடைத்தது. பெற்றவளுக்கு அதைக் கொடுக்காதவள் என்று முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சாவுப் படுக்கைக்கும் அவளைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவு போதாதா ஒருத்தியைக் கொல்ல? செபமாலைகூட ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

தைரியம் தா என்று அவள் மாதாவிடம் வருஷம் முழுக்க மன்றாடினாள். வரவில்லை. றோட்டில் லொறி உறுமினாலே வேலிவரை ஓடிவிடுவாள். சரி, வராததை எத்தனை நாளைக்குத்தான் கூப்பிடுவது? பாழாய்ப்போன இந்தக் கால்கள் தலையிடம் கேட்டுக்கொண்டா ஓடுகின்றன? தலைக்குப் புத்தி சொல்லிப் பிரயோசனமில்லை, கால்களைத்தான் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு அவள் வந்து பல நாளாகிவிட்டது.

கதவைச் சாத்தினாள். வலைக் குவியலிலிருந்து நைலோன் கயிற்றுத் துண்டொன்றை உருவி, ஒரு நுனியைத் தன் கணுக்காலிலும் மறுநுனியைக் கட்டில் காலிலும் கட்டினாள். தோணியை முளையில் கட்டுகிற முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும். அவிழ்க்கப் பொறுமை வேண்டும். பயந்தவளுக்குப் பொறுமை ஏது?

மெழுகுதிரியைக் கொளுத்தித் தகப்பனின் விரல்களுக்குள் வைத்து, அதன்மேல் தன் கையைப் பொத்திக்கொண்டாள். சுடர் ஆடிக்கொண்டேயிருந்தது. ஹெலி கூரைக்கு மேலே வந்தது. கிடுகு ஓலைகளிலிருந்து தூசி கொட்டியது.

கிழவர் கண் திறந்தார்.

“ஓடு, பிள்ளை.”

எவ்வளவு ஆசையான வார்த்தை! அதைக் கேட்டதும் அவளுடைய முழங்கால்கள் தாமாகவே எழப் பார்த்தன.

“ஏலாது அப்பு. காலைக் கட்டிப்போட்டிட்டன்.”

அவர் பார்க்க முயன்றார்; தலை எழவில்லை. தொண்டையில் ஏதோ ஒரு சத்தம் வந்தது. சிரித்தார் என்றுதான் அவள் பிறகும் நம்பினாள்.

அப்போதுதான் சுட்டார்கள். முதலில் கடற்பக்கம், பிறகு கிணற்றடி. குசினியில் பானை சிதறியது. “சேசு, மரி, சூசை” என்று அவள் தகப்பனின் காதுக்குள் கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. மூத்திரம் போய்ச் சேலை நனைந்து தொடையில் சூடாக ஒட்டியதை உணர்ந்தாள். அதற்கு மேல் கொஞ்ச நேரம் என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தபோது நிலத்தில் கிடந்தாள். முகம் கதவுப் பக்கம் பார்த்துக் கிடந்தது. நகங்களுக்குள் மண் இருந்தது.

தவழ்ந்து திரும்பினாள். திரி அணைந்திருந்தது. கிழவரின் நெஞ்சு இன்னும் ஏறி இறங்கியது, விட்டு விட்டு. அவர் காதில் வாயை வைத்து மறுபடியும் தொடங்கினாள். ஹெலி போய்விட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. மூச்சு நின்ற பிறகும், ஒருவேளை திரும்பவும் எடுத்துவிடுவாரோ என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

ஸ்ரீபன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவளுடைய காலில் இரத்தத்தைக் கண்டு அவன் முகம் வெளிறியது.

“எங்கை பட்டது?”

“எனக்குப் படேல்லை.” குரல் கட்டியிருந்தது. “நான் சொல்லிக்கொண்டிருக்கேக்கதான் அப்பு போனவர், அண்ணை.”

அவன் தகப்பனின் நெற்றியில் சிலுவை போட்டுக் கண்களை மூடிவிட்டான். பிறகு கீழே உட்கார்ந்து அவளுடைய காலை எடுத்து மடியில் வைத்தான். கயிறு தோலை அறுத்துக்கொண்டு சதைக்குள் இறங்கியிருந்தது. முடிச்சை நகத்தால் கிளறிப் பார்த்தான். குனிந்து பல்லாலும் கடித்து இழுத்தான். சின்ன வயதிலிருந்து அதே முடிச்சைப் போட்டு அவிழ்த்துப் பழகிய கை. பெரிய புயல் தோணியை இழுத்த நாளிலும் அது இந்த மாதிரிக் கல்லாகி அவன் கண்டதில்லை.

கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தான். கட்டில் கதவுப் பக்கம் நகர்ந்திருந்தது. சாணி மெழுகிய நிலத்தில் கட்டில் கால்கள் இழுபட்ட கோடு பச்சையாகத் தெரிந்தது.

ஸ்ரீபன் அவளுடைய காலை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டான். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, தோலில் படாமல் விரலை உள்ளே கொடுத்து, கயிற்றை மெதுவாக அறுக்கத் தொடங்கினான்.