சுவைலிம் மாமாவின் நிபந்தனை

சினாய் மலைக்குப் பெண்கள் நாலு பேர் வழிகாட்டிகளாகப் போகிறோம் என்றதும் எங்கள் ஆண்களுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம். ஆறு மாதம் மல்லுக்கட்டியபின் என் கணவரின் சித்தப்பா சுவைலிம் மாமா இறங்கி வந்தார். எங்கள் கூட்டத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"பொம்பளைங்கள மட்டும் கூட்டிட்டுப் போங்க. பொழுது சாயுறதுக்குள்ள அவங்கவங்க வீட்டுக்குள்ள இருக்கணும். ஒருத்தி ஒரு நாள் தப்பினாலும் நாலு பேருக்கும் அன்னிக்கோட சரி."

நால்வரில் முதலில் சறுக்கியவள் நான்தான்.

அன்று கெய்ரோவிலிருந்து இருவர் வந்திருந்தார்கள், பல் டாக்டர் இனாஸும் அவளுடைய அக்கா ஷிரினும். வளைந்த கொம்புள்ள மலையாட்டைப் பார்க்காமல் ஊர் திரும்பமாட்டேன் என்றாள் இனாஸ். பார்த்தோம். ஒரு கடாவும் இரண்டு பெட்டைகளும் பாறை விளிம்பில் நின்று எங்களையே பார்த்தன. இனாஸ் கேமராவை இறக்கவே இல்லை. கிளம்பச் சொல்லவேண்டிய நானும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பதினைந்து வருஷம் ஆடு மேய்த்த மலையில் எனக்கே அவை அவ்வளவு நேரம் நின்று காட்டியதில்லை.

திரும்பிப் பார்த்தபோது நிழல் பள்ளத்தாக்கில் பாதியை விழுங்கியிருந்தது. வந்த வழியே போனால் மூன்று மணி நேரம், இருட்டிவிடும்.

"ஆட்டுப்பாதை ஒண்ணு இருக்கு. ஒரு மணி நேரத்துல வீடு," என்றேன்.

அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. அந்த ஒரு மணி நேரம் என் காலுக்கும் ஆட்டின் காலுக்கும் உள்ள கணக்கு. எங்கள் பெண்கள் எல்லாத் தூரத்தையும் அப்படித்தான் சொல்வோம். கெய்ரோவில் லிஃப்டில் போய் வருகிறவளுக்கு அது எத்தனை மணி நேரம் என்று நான் யோசிக்கவே இல்லை.

பாதிச் சரிவில் ஆளுயரத்துக்கு ஒரு இறக்கம். ஆடுகள் குதித்துவிடும். இனாஸ் உட்கார்ந்து சறுக்கி இறங்கிவிட்டாள். விளிம்பில் உட்கார்ந்த ஷிரின் அங்கேயே உறைந்துபோனாள்.

"என்னால முடியாது சுபைஹா. நேரமாச்சுன்னா உனக்குப் பிரச்சினைன்னு சொன்னேல்ல? நீ போ. யாரையாவது அனுப்பு."

"விருந்தாளிய மலையில விட்டுட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவேன்? பேசாம இருங்கக்கா."

வாய்தான் அப்படிப் பேசியது. மற்ற மூவரின் முகமும் கண் முன்னால் வந்தது. என் நாத்தனார் ஃப்ரேஜா மலையேறத் தொடங்கிய பிறகுதான் அவள் பாடி நான் கேட்டிருக்கிறேன். அதற்கும் சேர்த்து உலை வைத்துவிட்டேனே.

ஆடு மேய்க்கும் பெண்களுக்குள் ஒரு கூவல் உண்டு. மூன்று முறை நீட்டிக் கூவினால் 'அடிபடவில்லை, ஆனால் வரத் தாமதமாகும்' என்று அர்த்தம். ஆண்களுக்கும் காது இருக்கிறது, கூவினால் நானே என்னைக் காட்டிக்கொடுத்ததாகும். கூவாவிட்டால் வீட்டில் செத்துப் பிழைப்பார்கள். கூவினேன். வெகு கீழேயிருந்து ஃப்ரேஜாவின் ஒற்றைக் கூவல் பதிலாக வந்தது. அதில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இறங்கி நின்று பாறையோடு முதுகை ஒட்டிக்கொண்டேன். "என் தோள்ல கால வைங்க."

"நூறு கிலோ இருப்பேன்டி."

"கழுதை சுமக்காத மூட்டையெல்லாம் சுமந்தவ நான். வைங்க."

வைத்தாள். என் உயிர் போய் வந்தது. அதன்பின் ஒவ்வொரு கல்லுக்கும் கையைப் பிடித்து இறக்கவேண்டியிருந்தது. சூரியன் எதிர்மலையின் தலையைத் தொட்டபோது வீட்டுக்கு இன்னும் அரைமணி நடை இருந்தது. அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, "இங்க கால வைங்க, அங்க பிடிங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

கடைசி வளைவு தாண்டியதும் கால் நின்றுவிட்டது. காலையில் வெறும் மணலாக இருந்த மலையடியில் கறுப்பாக ஒரு ஆட்டுமயிர்க் கூடாரம். என் கூடாரம். நெய்தவளுக்குத் தெரியாதா? எங்களுக்குக் கூடாரம்தான் வீடு, அது பெண்ணின் சொத்து. நெய்வது, பிரிப்பது, அடிப்பது எல்லாம் அவள் பாடு. எந்த இடத்தில் அடித்தாய் என்று எந்த ஆணும் கேட்பதில்லை. ஃப்ரேஜாவும் மற்ற இருவரும் கடைசிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு கழுதைகள் மூச்சிரைத்துக்கொண்டு நின்றன.

"வாயப் பொளந்துட்டு நிக்காதடி. உள்ள போ," என்று ஃப்ரேஜா எங்கள் மூவரையும் தள்ளினாள். சூரியனில் ஒரு கீற்று மிச்சமிருந்தது.

சிறிது நேரத்தில் வெளியே சுவைலிம் மாமாவின் இருமல். கூவலைக் கேட்டுத் தடியை ஊன்றி அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். பெண்கள் இருக்கும் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்.

"உள்ள யாரு?"

"சுபைஹா, மாமா. என் வீட்டுலதான் இருக்கேன்."

"எப்ப வந்தே?"

"சூரியன் இருக்கும்போதே வந்துட்டேன்."

"விருந்தாளிங்க?"

"நல்லா இருக்காங்க."

ஃப்ரேஜா என் கையைப் பிடித்திருந்தாள். கூடாரத்தைச் சுற்றித் தடிச் சத்தம் நடந்து மறுபடி வாசலுக்கு வந்தது.

"அடுத்த தடவ வீட்ட இன்னும் கொஞ்சம் கிட்டத்துல அடிங்க," என்றார். "இவ்வளவு தூரம் நடக்க என் முட்டி ஒத்துக்காது."

அவர் போய்விட்டார். ஃப்ரேஜா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அடுத்த தடவன்னாருடி," என்றாள்.