அக்கா அறுத்த டாங்க்

1

இந்தக் கதை பெருமையடித்துக்கொள்ளும் ஆசையில் பிறந்தது. என் அக்கா பல் மருத்துவர். போன மாதம் ஒரு பழைய பாய்மரப் படகின் டீசல் டாங்கைத் தன் கையாலேயே அறுத்து வெளியே எடுத்தாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன். இனி எழுதினால்தான் உண்டு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கடல் அன்று அமைதியாக…’

வேண்டாம். கடலுக்கு இதில் வேலையே இல்லை. நாற்றத்திலிருந்து தொடங்குகிறேன்.

2

அக்காவும் அத்தானும் ஆசை ஆசையாய் வாங்கிய படகு; வயதில் அத்தானைவிட மூத்தது. உள்ளே இறங்கினாலே டீசல் நெடி குப்பென்று அடித்தது. அடியில் தேங்கிய தண்ணீரை இறைக்கும் பம்பு, டீசலையும் சேர்த்துப் படகுத்துறைத் தண்ணீருக்குள் துப்பிவிட்டது. இன்னொரு முறை தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் படகை அவிழ்த்துக்கொண்டு போய்விட வேண்டியதுதான் என்று துறை மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை அக்கா டாங்கின் அடியில் விட்டுப் பார்த்தாள். (புதுக் கண்ணாடிதான். நோயாளிகள் பயப்பட வேண்டாம்.) உள்ளே தண்ணீர் தங்கித் தங்கி, ஒரு மூலையில் தகடு அரித்து, குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டை. சொத்தைதான் என்றாளாம்.

மெக்கானிக் வந்து உதட்டைப் பிதுக்கினார். டாங்கை வைத்த பிறகுதான் மேல்தளத்தையே போட்டிருக்கிறார்கள். எடுக்க வேண்டுமானால் இன்ஜினைத் தூக்கி, தளத்தை வெட்ட வேண்டும், அதற்குப் படகையே தலைமுழுகிவிடலாம் என்றார். அத்தானுக்கும் மனம் விட்டுப்போயிற்று. வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றார்.

“பல்லு முழுசா வரலைன்னா நாங்க தாடையை வெட்டுறதில்ல. பல்லைத்தான் துண்டாக்குவோம்,” என்றாள் அக்கா.

3

இங்கே அக்காவை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். ‘சோர்ந்துபோய் அவள் இன்ஜின்மேல் சாய்ந்து…’

படித்துப் பார்த்தவள், “நான் எங்கடி அழுதேன்? இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அதை எழுது,” என்றாள்.

எழுதிவிட்டேன்.

டீசலை இறைத்து, டாங்கைக் கழுவி, நன்றாகக் காற்றாட விட்டு, பொறி பறந்துவிடக் கூடாதென்று கைரம்பத்தாலேயே அறுத்தாள். ஒரு கைதான் நுழையும் இடம். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே அறுத்தாள். அத்தான் வேண்டாவெறுப்பாக விளக்கைப் பிடித்தார். முதல் துண்டு படகின் உள்ளறை வாசல் வழியே வெளியே வந்ததும் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, “தள்ளிக்கோ, நான் கொஞ்சம் அறுக்கிறேன்,” என்றார்.*

அந்த வாசலில் நுழைகிற அளவில் இரண்டு பிளாஸ்டிக் டாங்குகளைப் பொருத்தி, டீசல் நிரப்பி, அடியில் வெள்ளைத் துணி விரித்தார்கள். ஒரு வாரம் போயும் துணி வெள்ளை வெளேரென்று கிடந்தது. மெக்கானிக் அதைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு, பக்கத்துப் படகிலும் இதே தொல்லைதான், ஒரு நடை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொள்ளச் சொன்னாள் அக்கா.

(* எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அத்தானோ, தனக்கு முதலிலிருந்தே நம்பிக்கை இருந்ததாகச் சாதிக்கிறார்.)

4

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் படகு ஒரு தீவைப் போய்ச் சேர்கிறது. இன்னொன்றில், புயலில் பாய் கிழிந்ததும் இன்ஜின் காப்பாற்றுகிறது. அக்கா இரண்டையும் அடித்துவிட்டாள். நடக்காததை எழுதக் கூடாதாம்.

இந்த வரியைத் துறையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். இன்ஜின் ஓடுகிறது. படகைச் சுற்றித் தண்ணீர் பளிங்காக இருக்கிறது. அத்தான் கயிற்றை அவிழ்க்கிறார்.

“ஏறுறியா, இல்ல கரையில நின்னு எழுதிக்கிட்டே இருக்கப் போறியா?” என்கிறாள் அக்கா.

நான் ஏறுகிறேன். மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் என் அக்கா என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.