ஐசுக்குப் பின்னால்

கராஜுக்குள் இருந்த பெரிய ஃபிரீசரின் மூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, மற்றக் கையில் இருந்த இடியப்பப் பெட்டியை எங்கே வைக்கலாம் என்று சயந்தினி பார்த்தாள். இடமில்லை. அப்பா இறந்து மூன்றாம் நாள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் கிங்ஸ்பரியில் தெரிந்த வீடுகள் எல்லாம் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்தன. வீட்டுக்குள் இருந்த ஃபிரிட்ஜ் முதல்நாளே நிறைந்துவிட்டது. இங்கேயாவது இடமிருக்கும் என்று வந்தால், பொலித்தீன் சுற்றிய தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஆறு தட்டு. எல்லாம் றஸ்க் தூள் பிரட்டி, பொரிக்காமல் உறையவிட்ட மரக்கறி றோல்ஸ். மேல்தட்டில் ஒட்டியிருந்த டேப்பில் அப்பாவின் சாய்ந்த எழுத்து: 'சனி. 300. பிள்ளைகளுக்கு.'

நாளைக்குச் சனி.

அவள் மூடியை மெதுவாக இறக்கினாள். இடியப்பப் பெட்டி கையிலேயே இருந்தது.

அப்பா இராஜேந்திரன் தபால் பிரிக்கும் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்தவர். புதன்கிழமை காலை வேலை முடிந்து வந்து, மாடிப்படியின் கீழ்ப்படியில் குந்திச் சப்பாத்துக் கழற்றும்போது சரிந்துவிட்டார். ஒரு சப்பாத்துக் கழற்றியிருந்தார். மற்றதன் நாடாவை அம்புலன்ஸ்காரர் போன பிறகு சயந்தினிதான் அவிழ்த்தாள். உடல் இப்போது இறுதிச்சடங்கு நிலையத்தில் இருக்கிறது. தகனத்துக்கு அடுத்த வியாழன்தான் நேரம் கிடைத்தது.

மூன்று வருடங்களாக மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை அப்பா வீட்டில் நிற்பதில்லை. விடியவே எழும்பி றோல்ஸ் பொரித்து, இரண்டு பஸ் மாறி, பிள்ளைகள் ஐஸ் ஹொக்கி விளையாடும் அரங்குக்குக் கொண்டுபோய் விற்பார். அங்கே இருப்பது ஒரே ஒரு ஐஸ் தளம். பொதுமக்கள், நடனம் பழகுகிறவர்கள், பெரியவர்களின் அணி என்று எல்லாருக்கும் நேரம் கொடுத்தபின் பிள்ளைகளுக்குப் பழக மிஞ்சுவது காலை ஐந்தரை மணி; மாதக் கடைசிச் சனியில் மட்டும் பகலில் ஒரு போட்டி. இன்னொரு தளம் கட்டப் பெற்றோர்கள் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சேர்ப்பில் அப்பாவின் பங்கு றோல்ஸ். இந்த வீட்டில் ஒருவருக்கும் ஐசில் நிற்கவே தெரியாது. கோயில் தேருக்குச் சேர்த்தாலும் ஒரு புண்ணியம் உண்டு, வெள்ளைக்காரப் பெடியள் வழுக்கி விழுகிற இடத்துக்கு ஏன் இந்த மனுசன் மாரடிக்குது என்று அம்மா தவநாயகி சொல்லாத மாதமில்லை. அப்பா சிரித்துக்கொண்டு உருளைக்கிழங்கு மசிப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை, இந்த மாதம் கடைசிச் சேர்ப்பு, ஒருக்கா வந்து பாரன் பிள்ளை என்று சயந்தினியைக் கேட்டார். பார்ப்பம் என்றாள். மூன்று வருடமாக அவள் சொல்லி வந்த 'பார்ப்பம்'தான் அது.

ஹோலில் பெரியப்பா ஜீவரத்தினம் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மரண அறிவித்தலில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் தமையன். பெரியம்மா போனபிறகு தனியாக இருப்பவர். எந்தச் சடங்குக்கு என்ன முறை என்று இந்தப் பக்கத்துச் சனம் அவரிடம்தான் கேட்கும். பக்கத்து வீட்டு றொசாந்தி தேத்தண்ணிப் போத்தலுடன் வந்திருந்தாள். சயந்தினி ஃபிரீசரில் கண்டதைச் சொன்னாள்.

பெரியப்பா தலையை ஆட்டினார். செத்தவீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கிறதாவது, அதுவும் துடக்கும் தீட்டுமாய் இருக்கிற வீட்டுச் சாப்பாட்டை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறதாவது என்றார். ஒரு ஃபோன் எடுத்து ஆள் இல்லை என்று சொன்னால் விளங்கிக்கொள்வார்கள்.

"அதோட, றோல்ஸ் வித்தே ஐஸ் மண்டபம் கட்டுறது?" என்றார்.

இவ்வளவு நேரமும் சாமிப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள்.

"அவர் கட்டுறன் எண்டு சொல்லேல்லை, அண்ணை. கொண்டாறன் எண்டுதான் சொன்னவர்."

பெரியப்பா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. இந்த நாட்டுக்கு வர முந்தி, ஊரில் இருந்து சுவிசுக்குப் போன முதல் மாரிக் குளிரில் அப்பாவுக்குப் படுக்க இடம் கிடைக்க முந்திப் பதினொரு இரவு இருந்தது என்றாள். ரயில் ஸ்டேஷனைப் பூட்டிவிடுவார்களாம். ஒரு ஐஸ் அரங்கின் வாசலில் ஒதுங்கி நின்றவரை, அங்கே மெஷின் பார்க்கிற கிழவன் ஒருவன் ஒன்றும் கேட்காமல் உள்ளே கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். ஐசை உறைய வைக்கிற மெஷின் தண்ணீரில் உள்ள சூட்டையெல்லாம் இழுத்துப் பின்னறைக்குத் தள்ளுமாம். முன்னால் அவ்வளவு குளிர் இருந்தால், பின்னால் அவ்வளவு சூடு. அந்தக் கிழவன் சாக்கு விரித்துக் கொடுத்த இடத்தில் அப்பா பதினொரு இரவும் படுத்திருக்கிறார். விடிய ஹொக்கி பழக வருகிற பிள்ளைகளின் சத்தத்தில் எழும்புவாராம்.

"எனக்குச் சொன்னதே இந்தத் தைக்குத்தான். இவ்வளவு காலமும் நான் நக்கலடிச்சதுக்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லேல்லை."

சயந்தினி நிலத்தில் அமர்ந்துவிட்டாள். அந்தக் குளிர்காலத்துக்குள் தன் அப்பா ஒரு இளைஞனாக நிற்பதை அவள் இதுவரை நினைத்தே பார்த்ததில்லை. முகம் தெரியாத யாரோ ஒரு கிழவன் கதவைத் திறந்திராவிட்டால், இந்த ஹோல் இல்லை, இவர்கள் இல்லை, அவளும் இல்லை.

பெரியப்பா கையில் இருந்த அறிவித்தலை மடித்து வைத்தார்.

"கடிதம் போட்டவன்," என்றார் பிறகு. "நல்ல சூடான அறை கிடைச்சிருக்கு, அம்மாவை யோசிக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ எண்டு. நாங்கள் ஹோட்டல் எண்டு நினைச்சம்."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு றொசாந்தியைப் பார்த்தாள். எங்கள் அடுப்பை மூட்டவேண்டாம், அது முறையில்லைத்தான் என்றாள். ஆனால் உள்ளே இருக்கிறது அவர் உயிரோடு இருக்கும்போது சுத்தமாகச் செய்தது. துடக்கு வருவதற்கு முந்தியது.

"நாளைக்கு எங்களுக்கு ஒருத்தரும் சாப்பாடு கொண்டுவர வேண்டாம், பிள்ளை. கொண்டாற வீட்டுக்காரர் ஆளுக்கு ஒரு தட்டு இதைப் பொரிச்சுத் தந்தாக் காணும்."

றொசாந்தி ஃபோனை எடுத்து, முறைவைத்த வீடுகளுக்குச் சொன்னாள். பொழுது படுவதற்குள் பிறேமினி ஒரு தட்டை வந்து எடுத்தாள். நிஷாந்தன் வேலையால் வரும் வழியில் இரண்டு எடுத்தான், ஒன்று மாமியார் வீட்டுக்கு. கோயிலில் மட்டும் கண்டு பழகிய ஒரு அம்மா பஸ்சில் வந்து ஒன்றைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஐந்தாவது றொசாந்திக்கு. ஆறாவது தட்டைச் சயந்தினி தூக்கிக்கொண்டு நிற்க, பெரியப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அதை இஞ்சை தா."

"நீங்களோ, பெரியப்பா?"

"ஏன், என்ரை வீட்டில அடுப்பு இல்லையோ?"

தேத்தண்ணிக்குக் கேத்தல் தட்டுவதற்கு மேல் அவர் குசினியில் ஒன்றும் செய்து அவள் கண்டதில்லை. தமையனுக்கும் துடக்குத்தான்; அதை அவர் இப்போது சொல்லவில்லை.

காலையில் ஆறு தட்டும் துவாயால் மூடிச் சூட்டோடு வந்து சேர்ந்தன. பெரியப்பாவின் றோல்ஸ் ஒரு பக்கம் கறுத்திருந்தன. அவருடைய கட்டைவிரலில் பிளாஸ்டர். தான் காருக்குள்ளேயே இருப்பதாகவும், தட்டு கவிழாமல் பிடிக்க ஆள் வேண்டும் என்பதால்தான் வருவதாகவும் சொன்னார். சயந்தினி காரை ஓட்ட, வழியெல்லாம் ஒரு தட்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அரங்கின் பின்னால் வெறும் நிலம். மரக்கட்டைகள் நட்டு மஞ்சள் கயிறு கட்டி, வரப்போகும் தளத்தின் நான்கு மூலையையும் குறித்திருந்தார்கள். உள்ளே புல்லும் ஈரமண்ணும் மட்டும். கயிற்றுக்கு வெளியே ஒரு சின்னப் பெண், தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதற்குள் கால் வைக்காமல் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். பெரியப்பா காரை விட்டு இறங்கி அதைப் பார்த்தார். பிறகு காருக்குத் திரும்பவில்லை.

உள்ளே அப்போதுதான் மெஷின் ஓடி ஐசை மெழுகிவிட்டுப் போயிருந்தது. ஒரு கீறல் இல்லை. மேலே இருந்த விளக்குகள் எல்லாம் கீழேயும் எரிந்தன. அவ்வளவு பெரிய வெளிச்சத்தின் ஓரத்தில் பிள்ளைகள் கதவு திறக்கும்வரை சத்தமில்லாமல் நின்றார்கள். இதைப் பார்க்கத்தான் ஒருக்கா வா என்றிருக்கிறார்.

விற்பனை மேசைக்கு வந்த தாய்மார் றோல்ஸ் தட்டோடு அவளைக் கண்டதும், யார் மூலமோ விசயம் அறிந்தவர்களாகப் பேச்சைக் குறைத்தார்கள். நடுவில் ஒரு இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. நீங்கள் வரமாட்டீர்கள் என்றுதான் நினைத்தோம், ஆனாலும் அந்த இடத்தில் வேறெதையும் வைக்க மனம் வரவில்லை என்று ஒருத்தி சொன்னாள்.

அரங்கின் மெஷின்களைப் பார்க்கும் டெரெக் என்ற பருத்த மனிதர் வந்து தொப்பியைக் கழற்றினார். இடைவேளை வரும்வரை உங்கள் அப்பா ராஜ் பெட்டிகளைச் சூடாக வைக்கிற இடம் ஒன்று உண்டு, வாருங்கள் என்றார். ஒரு நீண்ட நடையைத் தாண்டி இரும்புக் கதவைத் தள்ளித் திறந்தார்.

சூடு முகத்தில் வந்து பட்டது. உள்ளே தடித்த குழாய்கள் முனகிக்கொண்டிருந்தன. அவற்றின் பக்கத்தில் தட்டு வைக்க ஒரு பலகை. ஒரு மடக்குக் கதிரை. கதிரைக்கு மேலே, சுவரில், காலண்டரில் இருந்து வெட்டி ஒட்டிய பிள்ளையார் படம். அது யார் என்று தான் ஒருநாளும் கேட்கவில்லை என்று டெரெக் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் மெஷின் துடைக்கும்போது அதையும் துடைத்துவிடுவாராம்.

படத்தில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

பெரியப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். தட்டைச் சயந்தினியிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முழங்கால் மடியவில்லை. ஒரு சப்பாத்தை மட்டும் எப்படியோ கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

அவள் தட்டைப் பலகையில் வைத்துவிட்டு வந்து அவர் காலடியில் குந்தினாள். மற்றச் சப்பாத்தின் நாடாவை மெதுவாக அவிழ்த்து, அதையும் கழற்றி, முதலாவதோடு சேர்த்து வைத்தாள்.